கரி தடவிய கம்பு

எங்கள் வாத்தியார் கம்பின் இரண்டு நுனியிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுவார். அடுப்புக்கரியை இடித்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, அந்தத் துணியில் கெட்டியாகத் தடவுவார். கேழ்வரகு அடித்து முடிந்து காலியாகக் கிடக்கும் களத்துமேட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் எங்களுக்குச் சிலம்ப வகுப்பு. வகுப்பு என்று யாரும் சொல்லமாட்டோம், 'கம்புக்குப் போறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவோம். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவார். தலையில் அடிக்கக் கூடாது, முகத்தில் குத்தக் கூடாது, மற்றதெல்லாம் உங்கள் பாடு. முப்பது எண்ணுவதற்குள் நிறுத்திவிட்டு அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, பனியனில், முழங்கையில், தொடையில், விரல் கணுவில் எங்கெல்லாம் கரி அப்பியிருக்கிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு கரியையும் தொட்டுக் காட்டி, "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்பார். பதில் சொன்னால்தான் அடுத்த ஆட்டம்.

இது 1996, 97 வாக்கில், பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில். வாத்தியாருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. அவருடைய அப்பா ஆட்டுக்கிடை காவலுக்காகக் கம்பு கற்றவர். சந்தையில் ஆடு விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு காட்டு வழியில் நடந்து வரவேண்டியிருந்த காலம் அது, கம்பு தெரியாதவன் தனியாக வரமாட்டானாம்.

எனக்கு வீச்சு நன்றாக வரும். ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு இரண்டிலும் காற்று கிழிகிற சத்தம் கேட்கும்படி சுற்றுவேன், மாரியம்மன் பண்டிகையில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடினால் கூட்டம் நின்று பார்க்கும். மூன்று வருஷம் முடிந்த சமயம், ஒரு நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். வாழ்நாளில் கம்பு பழகாதவர், தோளில் தொரட்டி. வாத்தியார் அவரைக் கூப்பிட்டு, "தொரட்டியக் கீழ போட்டுட்டு இந்தா இதப் புடி. இவன எப்படித் தோணுதோ அப்படி அடி" என்று கம்பைக் கொடுத்தார். அவர் தயங்கினார். "அட, அடிப்பா, நான் இருக்கேன்" என்றார் வாத்தியார். நான் சுற்ற ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் பாம்பை அடிக்கிற மாதிரி குனிந்து ஒரே போடு. முன்னங்கால் எலும்பில் விழுந்தது. என் கம்பு அந்த நேரத்தில் என் தலைக்கு மேல் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாத்தியார் திட்டவில்லை. வலி தணியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "நீ சுத்தறது உனக்கு. அவன் அடிச்சது உன்ன. ரெண்டும் வேற கண்ணு" என்றார். அன்றைக்கு அது எனக்கு முழுசாகப் புரியவில்லை. புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

அவரைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம். அவருடைய குரு காவேரிப்பட்டணத்துக்காரர், தென்பெண்ணை ஆற்று மணலில் ஆடிப் பழகியவர். அந்தக் குரு சொல்லிக்கொடுத்த காலடி வரிசையில் இரண்டு காலடிகளை எங்கள் வாத்தியார் எடுத்தேவிட்டார். இரண்டுமே காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே பின்னால் சுழற்றி இறங்குகிற காலடிகள். மணலில் அது கணக்காக வரும், கால் புதைந்து நிற்கும். எங்கள் ஊர் மண் கல்லாங்குத்து, சரளையில் அப்படிச் சுழன்றால் வழுக்கும், இல்லை கட்டைவிரல் பெயர்ந்துவிடும். அதற்குப் பதிலாகப் பாதத்தைத் தூக்கி வைத்து இறங்குகிற மாதிரி அவரே ஒன்றை மாற்றி வைத்திருந்தார். "குருவோட பாடத்த மாத்தலாமா வாத்தியாரே?" என்று கேட்டேன். "எங்க வாத்தியாரு இங்க பொறந்திருந்தா அவரே மாத்தியிருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

2008-ல் அவர் போய்விட்டார். எனக்கு மூத்த மாணவர் ஒருவர் ஊருக்கு வெளியே பெரிதாகப் பயிற்சி மையம் நடத்துகிறார், பெயர் வேண்டாம். நல்ல உழைப்பாளி, பிள்ளைகளிடம் பிரியமாக இருப்பவர், பணத்துக்காக நடத்துகிறவரும் இல்லை. 2019-ல் அக்கா மகளை அங்கேதான் சேர்த்தேன். நூறு பிள்ளைகளுக்கு மேல், எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் துண்டு, கையில் பூப்போல எடையில்லாத பிரம்பு. நாங்கள் பழகியது கல்மூங்கில், நெற்றிப்பொட்டு உயரத்துக்கு வெட்டியது, கை தவறினால் அடுத்த நாள் பேனா பிடிக்க முடியாது. சரி, சின்னப் பிள்ளைகளுக்குப் பிரம்பு போதும், அது தப்பே இல்லை. ஆனால் கரி எங்கே என்று கேட்டேன். "வெள்ளை யூனிஃபார்ம்ப்பா. துவைச்சாப் போகமாட்டேங்குதுன்னு அம்மாமாருங்க சண்டைக்கு வர்றாங்க" என்றார். அப்புறம் பார்த்தால் அந்த இரண்டு மணல் காலடியும் வரிசையில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. மேடையில் அது பார்க்க அழகாக இருக்கிறதாம், நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்களாம். 'பழைய பாரம்பரிய காலடி' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

எனக்கு மனசு கனத்துப்போனது. பொய் ஒன்றும் அவர் சொல்லவில்லை, அந்தக் காலடி நிஜமாகவே பழசுதான். வாத்தியார் அதை ஏன் எடுத்தார் என்பது மட்டும் அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு கலையைத் தொடங்கி வைத்தவர் போனபின் அது எப்படி மாறுகிறது என்று யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்பே வேறொரு இடத்தில் அதைக் கண்ணால் பார்த்திருந்தேன், பெயர் வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். 2004-ல் ஓசூரில் சிப்காட்டில் வேலை கிடைத்துப் போனபோது சாயங்கால நேரத்துக்குக் கராத்தேயில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். இரண்டு வருஷத்தில் பிரவுன் பெல்ட் வரை வந்தேன், அந்த இரண்டு வருஷத்தில் என்னை நிஜமாக அடிக்க முயன்ற ஆள் ஒருவர்கூட இல்லை. எதிரில் நிற்பவர் ஒரு அடி முன்னால் வந்து ஒரு குத்து விட்டுக் கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு நிற்பார், நான் தடுத்து மூன்று அடி திருப்பி அடிப்பேன். ஒரு கையால் குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுக்கவேண்டும் என்பார்கள். ஏன் என்று கேட்டால் 'பவர் வரும்' என்பார் மாஸ்டர். அவருக்கு அவருடைய மாஸ்டர் சொன்னது அது.

பிறகு இரவு ஷிப்ட்டு இடைவேளைகளில் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். கராத்தேயை ஒகினாவா என்ற தெற்குத் தீவிலிருந்து ஜப்பானின் மையப் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கிச்சின் ஃபுனாகோஷி, பள்ளி ஆசிரியர், 1922-ல் டோக்கியோவுக்குப் போனார். இடுப்புக்கு இழுக்கிற அந்தக் கை சும்மா இழுப்பதற்கல்ல, எதிராளியின் கையைப் பிடித்துத் திருகி இழுத்து அவனை நிலைகுலைய வைப்பதற்கு என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காற்றில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம் இரண்டு வருஷமாக, அந்தப் பிடியில் ஒரு ஆளின் கை இருக்கவேண்டும் என்று சொல்ல ஒருவர் இல்லை.

ஃபுனாகோஷியின் ஆசிரியர்களில் ஒருவர் அங்கோ இத்தோசு. 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவா பள்ளிக்கூடங்களில் கராத்தேயைப் பாடமாக நுழைத்தவர் அவர்தான். பிள்ளைகள் கூட்டமாக வரிசையில் நின்று பழகுவதற்கேற்ப பினான் என்ற பெயரில் ஐந்து கட்டாக்களை, அதாவது தனியாக ஆடிப் பழகுகிற அடிவரிசைகளை, எளிமையாக வகுத்துக்கொடுத்தார். இன்றைக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மஞ்சள் பெல்ட் கட்டுகிற பிள்ளை ஆடுவது பெரும்பாலும் அதன் வழிவந்ததைத்தான். ஆனால் அதே இத்தோசு 1908-ல் கல்வித் துறைக்கு எழுதிய கடிதத்தில் பத்து விஷயம் சொல்கிறார். பழகும்போது இது உடம்பை வளர்க்கவா, பயன்படுத்தவா என்று தெளிவாகத் தெரிந்து பழகவேண்டும் என்பது அதில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு அவர் கொடுத்தது பிள்ளைகளுக்கான பங்கு. நாம் அதை மட்டும் வாங்கிக்கொண்டு முழுச் சாப்பாடு என்று நினைத்துவிட்டோம்.

கராத்தே ஒரே ஒருமுறை ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இருந்தது, டோக்கியோவில். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி, 2021 ஆகஸ்ட் 7. சவூதியின் தாரிக் ஹம்தி 4-1 என்று முன்னணியில் இருந்தார், ஈரானின் சஜாத் கஞ்ஜாதேயின் தலையில் ஒரு உதை விட்டார், அவர் நினைவிழந்து விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அளவுக்கு மீறி அடித்ததாக ஹம்தியைத் தகுதிநீக்கம் செய்து, விழுந்து கிடந்தவருக்குத் தங்கம் கொடுத்தார்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் அந்த வீடியோவைப் பார்த்து இது என்ன நியாயம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தலையில் அடித்து ஒரு பிள்ளை முடங்கிப்போகக் கூடாது என்று போட்ட சட்டம் அது, எங்கள் வாத்தியார் தலையில் அடிக்காதே என்றதும் அதற்குத்தான். ஆனால் பட்டும் படாமல் நிறுத்துகிற உதைக்குத்தான் மதிப்பெண் என்றால், பத்து வருஷத்தில் அந்தக் கால் நிறுத்துவதற்குத்தான் பழகும். அதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டிய அவசியமே இல்லை, மதிப்பெண் அட்டை தானாகச் சொல்லிக்கொடுத்துவிடும்.

இங்கே வரும்போது பலர் சொல்லும் முடிவு, 'விளையாட்டுப் போட்டி ஆக்கியதால்தான் தற்காப்புக் கலைகள் கெட்டன' என்பது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஜிகோரோ கானோவைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கானோ 1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் ஒரு சின்ன இடத்தில் ஜூடோவைத் தொடங்கினார், வயது 21. அதற்கு முன் பழைய ஜுஜுத்சு பள்ளிகள் இரண்டில் பழகியவர். அந்தப் பள்ளிகளில் விரல் முறிப்பு, கண் குத்து, உயிர்நிலை அடி என்று பயங்கரமான வித்தைகள் இருந்தன. கானோ செய்த வேலை, இவற்றை மோதிப் பழகுகிற பயிற்சியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கலையை மென்மையாக்கிவிட்டார் என்று தோன்றும். நடந்தது வேறு. கண்ணில் குத்துகிற வித்தையை யார்மேல் பழகுவது? பழகவே முடியாது, பாவனைதான் செய்யலாம். அதை எடுத்த பிறகு, இரண்டு பேர் முழு பலத்தோடு, விட்டுக்கொடுக்காமல், ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுத் தினமும் மோத முடிந்தது. ராந்தோரி என்று அதற்குப் பெயர். தூக்கிப் போடுவதை ஆயிரம் தடவை எதிர்க்கிற ஆள்மேல் செய்தவனும், கண்ணைக் குத்துவதை ஆயிரம் தடவை காற்றில் செய்தவனும் நேரில் சந்தித்தால் என்ன ஆகும் என்று களத்துமேட்டில் ஆட்டுக்காரரிடம் அடிவாங்கிய எனக்குத் தெரியும். எங்கள் வாத்தியார் இரண்டே சட்டம் போட்டு மற்றதெல்லாம் உங்கள் பாடு என்று விட்டதும் இதே வேலைதான். அவர் கானோ பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கானோ மாணவராக இருந்த காலத்தில் நடந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் பழகிய இடத்தில் அவரைவிட மிகப் பெரிய உடம்புக்காரர் ஒருவர் இருந்தார், என்ன செய்தும் அவரைச் சாய்க்க முடியவில்லை. கானோ சுமோக்காரர்களின் பிடிகளைக் கேட்டுப் பார்த்தார், அப்புறம் நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய புத்தகங்களைப் புரட்டினார், அங்கே ஒரு முறையைக் கண்டுபிடித்து வந்து அவரைத் தூக்கிப் போட்டார். எதிராளியின் தொடைக்கு நடுவில் கையை விட்டு, மூட்டையைத் தூக்குகிற மாதிரி தோளில் ஏற்றிச் சாய்ப்பது. கத்தா-குருமா என்று அது இன்றைக்கும் ஜூடோவில் இருக்கிறது. இனி அடுத்ததைக் கேளுங்கள். 2010-ல் சர்வதேசப் போட்டி விதிகளில் காலைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், 2013-ல் முழுசாகத் தடுத்தார்கள். மல்யுத்தக்காரர்கள் மாதிரி குனிந்து காலைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், ஜூடோ பார்க்க ஜூடோவாக இல்லை என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆக, கானோ மல்யுத்தத்திலிருந்தே தேடி எடுத்து வந்த அந்தப் பழைய வடிவத்தைக் கானோவின் கலையில் போட்டியில் போட முடியாமல் போனது. விதி வகுத்தவர்கள் கானோவை மதிக்காதவர்கள் இல்லை, எங்கள் மூத்த மாணவர் வாத்தியாரை மதிக்காதவர் இல்லை என்பது போலத்தான். அவர் விட்டுப்போன வடிவத்தைக் காப்பாற்ற நினைத்தார்கள். நூலகத்துக்கு ஓடிய அந்த இளைஞனைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

புரூஸ் லீக்கு இந்தப் பயம் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. 1967-ல் தன் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார், 1970-ல் தன் பயிற்சிப் பள்ளிகளை மூடச் சொல்லிவிட்டார், மாணவர்கள் அதையே வேதமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று. 1973-ல் அவர் இறந்தார். அப்புறம் அவர் கற்றுக்கொடுத்ததை அப்படியே வைத்திருப்பதா, அவர் தேடியது போலத் தேடிக்கொண்டே போவதா என்று மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நான் இரண்டாவது கட்சி.

வெளிநாட்டுக் கதை போதும், நம் மண்ணில் இது ஔவையார் காலத்திலேயே பேசப்பட்ட விஷயம். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. உன் ஆயுதங்கள் மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவிப் பளபளவென்று காவல் மிகுந்த அரண்மனைக்குள் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். பள்ளியில் இதைப் புகழ்வது போல் பழிப்பது என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். எனக்கு இப்போது அந்தக் கொல்லன்தான் கண்ணில் நிற்கிறான். முறிந்த முனை திரும்பத் திரும்ப அவன் கைக்கு வந்துகொண்டே இருக்கும், எங்கே முறிகிறது என்று அவனுக்குத் தெரியும், அடுத்த தடவை அந்த இடத்தை வேறு மாதிரி அடிப்பான். தொண்டைமானின் கொல்லனுக்கு அந்த வாய்ப்பு கிடையாது, நெய் தடவுகிறவனுக்கு ஒன்றும் தெரியவராது.

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்கள், ஊருக்காக நின்று இறந்தவர்கள். இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவற்றில் வீரன் கையில் வில்லும் வாளுமாக நிற்பான், அவன் உடம்பில் அம்பு தைத்திருக்கும். அந்த அம்பையும் சேர்த்துத்தான் செதுக்கியிருக்கிறார்கள். கும்பிடப்போகிற கல்லிலேயே அடி எங்கே பட்டது என்று காட்டியிருக்கிறார்கள். கரியை மறைக்கிற பழக்கம் நமக்கு நடுவில் எங்கேயோ வந்தது.

சிலம்பத்துக்கு இன்றைக்கு நல்ல காலம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கிறது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி விளையாட்டாக இருந்தது. பெண் பிள்ளைகள் இவ்வளவு பேர் கம்பு எடுப்பதை எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார், அவர் காலத்தில் ஒரு பெண்கூட வரவில்லை. போட்டிகளில் தலைக்கவசம் போட்டு ஆடுகிற கம்புச்சண்டையும் இருக்கிறது, தொட்டால் புள்ளி. என் வருத்தமெல்லாம், நான் பார்த்த மையங்களில் தனித்திறமை வீச்சுக்கு ஆறு நாள், சண்டைக்கு ஒரு நாள், அதுவும் போட்டி நெருங்கினால்தான் என்பதில்தான். இன்னொரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுவது, ஆணிப்பலகைமேல் நின்று சுற்றுவது, மணிக்கணக்காகச் சுற்றிச் சாதனைச் சான்றிதழ் வாங்குவது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு நிஜம், தோள் வலி நிஜம். அவ்வளவு உழைக்கிற பிள்ளைக்கு எதிரில் ஒரு ஆளை நிறுத்தித் தர நமக்கு மனசு வரவில்லையே என்றுதான் இருக்கிறது.

அக்கா மகளுக்கு இப்போது பதினாலு வயது. போன மாசம் கிருஷ்ணகிரியில் நடந்த ஒரு போட்டியில் ஒற்றைக்கம்பு வீச்சில் முதல் பரிசு வாங்கினாள். ராத்திரி பஸ் விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போது, எங்கள் தெரு முனையில் நாலு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. அவள் கையில் கம்பு இருக்கிறது, கழுத்தில் மெடல் இருக்கிறது, சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள், "மாமா, நான் கத்துக்கிட்டதுல நாய்க்கு எது?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவிடம் கரி கேட்டேன், இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு, கரி இல்லை, இஸ்திரி போடுகிறவரிடம் போய் ஒரு கை வாங்கிவந்தேன். கல்மூங்கில் வேண்டாம் என்று அவளுடைய பிரம்பிலேயே துணி சுற்றி, எண்ணெயில் குழைத்துத் தடவினேன். அக்கா, "பழைய சுடிதார் போட்டுக்க கண்ணு" என்று மட்டும் சொன்னாள். மொட்டை மாடியில் நின்றோம். தலை கிடையாது, முகம் கிடையாது.

முதல் ஆட்டத்தில் அவள்மேல் ஏழு கரி, என்மேல் ஒன்றும் இல்லை. ஏழில் நான்கு வலது கை விரல்களில். போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது, பரிசு வாங்கி ஒரு நாள் ஆகவில்லை. ஆனால் பதில் சொன்னாள். கம்பு சுற்றி முடிந்து நெஞ்சுக்கு வரும்போது கை ஒரே இடத்தில் நிற்கிறது, மாமா அந்த இடத்துக்குக் காத்திருக்கிறீர்கள் என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து, மூன்றாவதில் ஐந்து.

நாலாவது ஆட்டத்தில் நான் வழக்கம்போல அவள் விரலைப் பார்த்து அடித்தேன். அடி வருகிற நேரத்தில் அவள் அந்தக் கையைக் கம்பிலிருந்து எடுத்தேவிட்டாள். இடது கை மட்டும் கம்பில், கம்பு தளர்ந்து கீழே சாய்ந்தது. எந்த வரிசையிலும் இல்லாத ஒன்று அது, இரண்டு கையும் கம்பை விட்டு விலகக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். "அப்படி விடக் கூடாதுமா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாய்ந்த கம்பு அப்படியே தரையோடு வந்து, என் முன்னங்கால் எலும்பில், ஆட்டுக்காரர் அடித்த அதே இடத்தில் கரியை வைத்துவிட்டுப் போனது.